சிகரத்தின் பெயரும் வழிகாட்டியின் பெயரும்

மலையேற்றம் என்றதும் நம் தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளில் முதலில் ஒலிப்பவை இரண்டு பெயர்கள்: மகேந்திரன், மோகனதாஸ். 1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியில் மலேசியக் கொடியை முதன்முதலில் நாட்டிய தமிழர்கள் அவர்கள். அந்தப் பெருமையை நான் ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லி வருகிறேன். ஆனால், அவ்வீரர்களோடு ஏறிய ஷெர்ப்பாக்களை நாம் வகுப்பில் நினைவுகூர்வதில்லை. ஏறியவரைப் போற்றும் நாம், ஏற்றிவிட்டவரை மறந்துவிடுகிறோம்.

இந்த மறதி நம் நாட்டு மலைக்கும் உண்டு. சபாவின் கினபாலு மலை 4,095 மீட்டர் உயரமுடையது. அதன் உச்சிக்கு 'லோவ் சிகரம்' என்று பெயர். லாபுவானில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த ஹியூ லோவ் 1851இல் இம்மலைமீது ஏறினார்; எனினும் அவர் அந்த உச்சியைத் தொடவில்லை. 1888இல் அதனை எட்டியவர் ஜான் வைட்ஹெட் என்னும் விலங்கியல் ஆய்வாளர். தொடாதவர் பெயரைச் சிகரம் தாங்கி நிற்கிறது. லோவுக்கு வழிகாட்டியவரோ கியாவ் ஊரைச் சேர்ந்த லெமாயிங் என்னும் டூசுன் இனத் தலைவர். அவர் பெயரை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

டூசுன் மக்களுக்குக் கினபாலு வெறும் பாறையன்று. மறைந்த முன்னோரின் ஆவிகள் உறையும் இடம். அதனால்தான் மலையேறுமுன் வெள்ளைக் கோழி, முட்டை, வெற்றிலைபாக்கு முதலியவற்றைப் படைத்து வழிபட்டனர். அவ்வழிபாடு இன்றும் நடைபெறுகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புகழ்பெற்ற வழிகாட்டி குந்திங் லாகாடான். மலைமீது ஒரு தங்குகுடிலுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1964இல் கினபாலு தேசியப் பூங்காவாயிற்று. 2000இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தளமாயிற்று. ஆயினும் வழிகாட்டும் தொழில் பூங்காவைவிட மூத்தது.

அலாஸ்காவின் தெனாலி தேசியப் பூங்காவில், மலையேறும் பருவத்தில் காவலர்கள் பனிமீது முகாமிட்டுத் தங்கி மீட்புப்பணி செய்கின்றனர். பருவம் முடிந்ததும் முகாமைக் கலைத்து இறங்கிவிடுவர். கினபாலுவில் அத்தகைய பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் மலையேறுவோர் வருகின்றனர். மலாய் மொழியில் 'மாலிம் குனோங்' எனப்படும் வழிகாட்டிகள் மலையடிவாரச் சிற்றூர்களைச் சேர்ந்தவர்கள். அவர்களின்றி உச்சிக்குச் செல்ல அனுமதியில்லை. பகலில் பனலாபான் தங்குமிடம்வரை ஏறி, நள்ளிரவுக்குப் பின் இருளிலேயே உச்சிக்கு அழைத்துச் செல்வர். வழியில் மழை வலுத்தால் திரும்ப வேண்டும் என்று சொல்ல வேண்டியவரும் அவரே.

2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் காலை 7.15 மணிக்கு, ஏறத்தாழ 6.0 அளவில் பதிவான நிலநடுக்கம் அம்மலையை உலுக்கியது. பாறைகள் உருண்டன. பதினெட்டுப் பேர் உயிரிழந்தனர். சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளி மாணவர் எழுவரும் அவர்களை அழைத்து வந்த ஆசிரியர் இருவரும் அவர்களுள் அடங்குவர். ஓர் ஆசிரியனாக இந்த வரியை எழுதும்போது என் கை தயங்குகிறது.

மலையில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்டோர் சிக்கிக்கொண்டனர். மூடுபனியால் ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை. பாதை சிதைந்து, நில அதிர்வுகள் தொடர்ந்தபோதும், வழிகாட்டிகளே அவர்களை நடத்தியும் தாங்கியும் கீழே கொண்டுவந்தனர். ராபி சபிங்கி என்னும் வழிகாட்டி அன்று மலையிலேயே உயிர்நீத்தார். அவ்வாண்டு டிசம்பரில் உச்சிக்கான பாதை மீண்டும் திறக்கப்பட்டது. வழிகாட்டிகள் தங்கள் பணிக்குத் திரும்பினர்.

டெங்கில், லங்காட் ஆற்றங்கரைச் சமவெளி. இங்கு வளரும் நம் பிள்ளைகளுக்கு உயர்ந்த மலை என்பது பாடநூற் படமே. என்றேனும் ஒருநாள் அவர்கள் மலையேறப் புறப்படலாம்; அனுமதிக் கடிதத்தில் பெற்றோராகிய நீங்கள் கையொப்பமிடலாம். அப்போது காலணியையும் குளிராடையையும் மட்டும் சரிபார்த்து அனுப்பாதீர்கள். வழிகாட்டி என்பவர் பை சுமக்கும் கூலியாள் அல்லர், மலையில் அவரே ஆசிரியர் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். "திரும்பு" என்று அவர் சொன்னால், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்ப வேண்டும். ஆசிரியர்களாகிய நாமும் அச்சொல்லுக்குப் பணிய வேண்டும்.

வரலாற்றுப் பாடத்தில் லோவ் சிகரத்தைக் கற்பிக்கும்போது, லெமாயிங் பெயரையும் கரும்பலகையில் எழுதுவோம். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.