கர்னல் உள்ளமைப்பும் பக்கவிளைவுகளும்

கர்னல் உள்ளமைப்பு என்பது இயங்குதளத்தின் கருநிரலில் எந்த வசதிகள் இடம்பெற வேண்டும் என்பதைத் தொகுப்புக்கு முன் தெரிவுசெய்யும் பணி. லினக்ஸில் இத்தெரிவுகள் கேகான்ஃபிக் மொழியில் வரையறுக்கப்படுகின்றன. பெரும்பாலான இயக்கிகளை உள்ளிணைக்கலாம், தனிக்கூறாக்கலாம் அல்லது விலக்கலாம்.

பக்கவிளைவுகளின் முக்கிய ஊற்று ‘செலக்ட்’ கட்டளை. ஒரு தெரிவை இயக்கும்போது அது மற்றொன்றையும் கட்டாயமாக இயக்கும். பின்னதன் சார்புகள் நிறைவேறினவா என்று பார்க்காது. மற்றோர் ஊற்று ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ என்னும் கட்டளை: அது அவ்வேளையில் ஏற்றப்படாத தனிக்கூறுகளை நீக்குவதால், இணைக்கப்படாதிருந்த அச்சுப்பொறியோ கேமராவோ பின்னர் இயங்காமல் போகலாம்.

தமிழ்ப் பயனரை நேரடியாகத் தொடுவது, பென்டிரைவ்களில் காணப்படும் ஃபேட் கோப்புமுறைக்கான தெரிவு. ஃபேட் வட்டில் நீண்ட கோப்புப் பெயர்கள் யூனிகோடில் பதிவாகின்றன. ஆனால் கர்னலின் இயல்பு எழுத்துத் தொகுதி ஐஎஸ்ஓ 8859-1. அதில் தமிழ் இல்லை. ஆகவே வேறு குறிப்பின்றிப் பென்டிரைவை ஏற்றினால், சிங்கப்பூரின் தேக்கா பகுதிக் கடையொன்றின் விலைப்பட்டியலுக்கு இட்ட தமிழ்ப் பெயர் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரியும். இயல்புத் தொகுதியையே யூடிஎஃப்-8 ஆக மாற்றுவதும் சரியான தீர்வன்று: ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகள் வேறுவேறாகக் கொள்ளப்படும் என்று கர்னலே எச்சரிக்கிறது. இதற்கெனத் தனியே உள்ள ஃபேட் யூடிஎஃப்-8 தெரிவே உரியது.

இத்தகைய பக்கவிளைவுகளைக் கண்டறிய, பழைய, புதிய உள்ளமைப்புக் கோப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் ‘டிஃப்கான்ஃபிக்’ நிரல் உதவும்; அது கர்னல் மூலநிரலுடனேயே வருகிறது.