கடல் ஏன் வரலை?

2012 ஏப்ரல் 11, மதியம் ரெண்டு மணி தாண்டியிருக்கும். ஸ்கூல் படிச்சிட்டிருந்த காலம். சென்னை வீட்டுல ஃபேன் ஊஞ்சல் மாதிரி ஆடிச்சு. அம்மா, "கடல் வருதுடா"ன்னு அலறிட்டாங்க. வரலை. ஏன் வரலைன்னு எனக்குப் புரிய பல வருஷமாச்சு மக்களே!

சுமத்ராவுக்கு மேற்கே கடலடித் தட்டு, வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் வீதம் தீவுக்கு அடியில் செருகிக்கொண்டே போகிறது. பல இடங்களில் வழுக்காமல் பூட்டிக்கொள்ளும். பல தலைமுறை சேர்ந்த இறுக்கம் 2004 டிசம்பர் 26 அன்று அவிழ்ந்தது. அளவு 9.1. அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. கிழிசல்.

முன்னாடி அறிகுறியே இல்லையா? 2002 நவம்பரில் சிமுலுவே தீவருகே, கிழிசல் ஆரம்பித்த இடத்துக்குக் கிட்டயே, 7-க்கு மேல் ஒரு நடுக்கம். நம்ம பொழப்புல செர்வர் படுத்தப்புறம் லாக் படிக்கிற கதைதான். இப்ப அந்த வரி பளிச்சுன்னு தெரியுது. ஆனா அதே மாதிரி எத்தனையோ வரி சும்மாவே ஓடிப் போயிருக்கு.

பின்னதிர்வுகள் நாளாக ஆகக் குறையும்னு ஜப்பானின் ஓமோரி 1894-லேயே சொல்லிட்டார். ஆனா கிழிந்த இடத்தில் இறங்கிய பாரம் பக்கத்து இடத்தில் ஏறும். ஜான் மெக்ளாஸ்கி குழு இதைக் கணக்குப் போட்டு 2005 மார்ச் 17 நேச்சர் இதழில் எச்சரித்தது. பதினோராம் நாள், நியாஸ் தீவருகே 8.6!

2007-ல் தெற்கே பெங்குலுவில் 8.4. 2012-ல் வந்த 8.6 வேற ரகம். அகழிக்கு மேற்கே, தட்டுக்குள்ளேயே பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்தன. கடல்தரை பெரிசா எழும்பலை. அம்மா பயந்த அலை வராததுக்கு அதான் காரணம்.

இன்னும் ஒரு துண்டு பாக்கி. மெந்தாவாய் தீவுகளில் 1797-லயும் 1833-லயும் பெரிய நடுக்கங்கள் வந்தன. அப்ப நிலம் எவ்வளவு உயர்ந்ததுன்னு கெர்ரி சீயும் இந்தோனேசிய விஞ்ஞானிகளும் பவளப்பாறை வளையங்களைப் படித்தே சொன்னார்கள். அங்கே சிபெருட் பக்கத்துப் பூட்டு இன்னும் அவிழலை. எதிர்க்கரையில் பாடாங் நகரம், சுமார் 9 லட்சம் பேர்.

2004-ல் அலை நாகப்பட்டினம் வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. பாடாங்குக்குக் கிடைக்கப் போறது அரை மணி நேரம்தான். நாள் குறிச்சுக் கொடுக்க எந்த விஞ்ஞானியாலும் முடியாது. ஆனா சிமுலுவே மக்களுக்கு 1907 அலையைப் பத்தி பாட்டி சொன்ன கதை ஞாபகம் இருந்துச்சு. தரை ஆடினதும் மேட்டுக்கு ஓடிட்டாங்க. சுமார் 78,000 பேரில் இறந்தது ஏழே பேர்.

அம்மா அன்னிக்கு அலறினது தப்பே இல்லைங்க. என்ன சொல்றீங்க?