கறி ஆகாத உச்சிவேளை: காரைக்கால் கரையில் வீட்டு விருந்தின் வரலாறு

காரைக்கால் வணிகர் பரமதத்தன் வீட்டு அடுப்படியில் ஒரு நண்பகலில் என்ன நிலவரம் என்பதைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் தெளிவாகவே சொல்லிவிடுகிறார். பரமதத்தனின் மனைவி, பின்னர் காரைக்கால் அம்மையார் எனப்பட்ட புனிதவதியார், சோறு சமைத்துவிட்டார். கறி இன்னும் ஆகவில்லை. அந்த நேரம் பார்த்துப் பசியோடு ஒரு சிவனடியார் வந்து நிற்கிறார். கால் கழுவ நீர் கொடுத்து, இலை போட்டு, சோறு படைத்து, கணவன் அனுப்பிவைத்த மாங்கனி இரண்டில் ஒன்றை இலையில் வைக்கிறார் அம்மையார். அதன் பிறகு நடந்த அற்புதம் ஊரறிந்த கதை. ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது, இன்றும் மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுகிறார்கள். அம்மையார் படைத்த சோற்றின் நினைவாக அமுது படையலும் உண்டு.

பெரியபுராணத்தை ஆராய்வோர் பெரும்பாலும் அற்புதத்தைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். சமையலின் வரலாற்றைத் தேடுகிறவர்களுக்கோ அற்புதத்துக்கு முந்திய கணமே முக்கியமானது. சோறு இருக்கிறது, தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை, வாசலில் விருந்தாளி. இந்த இக்கட்டு ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. காவிரிக் கடைமடையில் வீட்டு விருந்து வளர்ந்த விதமே, சொல்லாமல் வருகிறவருக்காக முன்கூட்டிச் செய்து வைத்த பண்டங்களால் அமைந்தது என்பது என் கருத்து.

சங்கப் பாடல்களிலேயே இரண்டு வகைச் சமையலும் இருக்கின்றன. நற்றிணை 120இல் மாங்குடி கிழார் காட்டுவது உடனடிச் சமையல். விருந்தினருக்காக மனைவி வாளை மீனை நறுக்குகிறாள். கண்ணில் புகை படிகிறது. நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொள்கிறாள். அவள் ஊடலில் இருக்கிறாள்; ஆனால் விருந்தாளி முன் அது வெளிப்படாது என்று தெரிந்த கணவன், இன்னும் விருந்து வரட்டும் என்று ஆசைப்படுகிறான். அந்த ஆசையை நிறைவேற்றும் உழைப்பு முழுவதும் அவளுடையது என்பதைப் பாடல் மறைக்கவில்லை. சேமித்த பண்டங்களின் சமையலை ஆற்றுப்படைகளில் பார்க்கலாம். சிறுபாணாற்றுப்படையில் இதே சோழமண்டலக் கரையில் வடக்கே உள்ள எயிற்பட்டினத்துப் பரதவர் வீட்டில் பாணனுக்குக் கிடைப்பது உலர்ந்த குழல்மீனைச் சுட்டது. பெரும்பாணாற்றுப்படையின் அந்தணர் இல்லத்தில், மிளகுப் பொடியும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் சமைத்த மாதுளங்காயோடு, மாவடு ஊறுகாயும் இலைக்கு வருகிறது. கருவாடும் வடுவும் அன்றே விருந்துக்கு உரியவை.

சிறுபாணாற்றுப்படையில் இன்னொரு செய்தியும் உண்டு. அதன் பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடன் அரண்மனையில் வீமன் செய்த மடைநூலின்படி சமைக்கிறார்கள். ஏட்டில் எழுதிய சமையல் அரண்மனைக்குப் போயிற்று; குடிகளின் அடுப்பு கைப்பழக்கத்தை நம்பியே எரிந்தது.

சிலப்பதிகாரத்தில், காரைக்காலுக்கு வடக்கே அதே கரையில் உள்ள பூம்புகாரிலிருந்து போன கண்ணகி, மதுரைப் புறத்து ஆயர் வீட்டில் சமைக்கிறாள். பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், சாலியரிசி, பாலின் பயன்கள் என அவளுக்குத் தந்த பொருள்களை இளங்கோ வரிசையாகச் சொல்கிறார். காய் நறுக்கி விரல் சிவக்கிறது, வியர்க்கிறது, வாழைக் குருத்திலையை விரித்துப் படைக்கிறாள். கணவன் பிரிந்த காலத்தில் தான் இழந்தவற்றைச் சொல்லும்போது, விருந்தை எதிர்கொள்ளும் உரிமையையும் அவள் சேர்த்தே சொல்கிறாள். அந்தக் காலத்துப் பெண்ணுக்கு விருந்து சமைப்பது பாரம் மட்டுமில்லை, வீட்டில் அவளுக்கிருந்த நிலைக்கு அடையாளமும்கூட. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த வரலாற்றை எழுத முடியாது.

சேக்கிழார் சொல்லும் இளையான்குடி மாறனார் கதை இந்த இக்கட்டின் எல்லை. நள்ளிரவு, மழை, வீட்டில் ஒன்றுமில்லை. வயலில் விதைத்த முளைநெல்லை மாறனார் வாரி வந்து, வீட்டுக் கூரைக் கழிகளை விறகாக்கித் தர, அவர் பறித்துவந்த முற்றாத கீரையையே வகை வகையான கறிகளாகச் சமைக்கிறார் அவர் மனைவி. ஒரே கீரையைப் பல கறியாக்கிய அந்தக் கைத்திறனை யாரும் அற்புதமாகக் கொண்டாடுவதில்லை. கொண்டாட வேண்டும் என்பேன்.

மணப்பொருள்களில் பெரிய மாற்றம் கடல்வழியாக வந்தது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியனின் அம்பாசமுத்திரம் கல்வெட்டு, கோயில் படையலுக்கான காயங்களாக மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தமல்லி ஆகியவற்றைக் குறிக்கிறது. மிளகாய்க்கு அதில் இடமில்லை. அது அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியே பின்னால் வந்தது. நாகப்பட்டினத்தில் அவர்கள் இருந்தார்கள். 1658இல் டச்சுக்காரர் அதைப் பிடித்தார்கள். தரங்கம்பாடியில் 1620 முதல் டேனியர். காரைக்காலில் 1739 முதல் பிரெஞ்சுக்காரர். மிளகு மேற்கு மலைகளிலிருந்து வர வேண்டும். மிளகாயோ கொல்லையிலேயே காய்த்தது, வெயிலில் காய்ந்தது, ஆண்டு முழுக்கக் கெடாமல் இருந்தது. சேமித்துவைக்கும் அடுப்படிக்குள் அது நிலைத்துவிட்டதில் வியப்பில்லை.

அந்தச் சேமிப்பின் தலையாய பண்டம் தாளிப்பு வடகம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, பல நாள் வெயிலில் காயவைக்கிறார்கள். இது ஏன் சித்திரை வெயிலின் வேலையாக அமைந்தது என்பதை காரைக்கால் வட்டாரத்து விழிதியூர் போன்ற வயல் சூழ்ந்த ஊர்களின் பயிர்க்காலமே விளக்குகிறது. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்துவிடும். ஆற்றில் புதுத்தண்ணீர் வரும்வரை வயலில் வேலை குறைவு, முற்றத்தில் வெயில் நிறைவு. ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழையில் கொல்லைக் காய் அழுகும், கடல் கொந்தளிக்கும், மீன் அரிதாகும். அந்த நாளில் வாசலில் ஆள் வந்து நின்றால், சட்டியில் எண்ணெய் விட்டு வடகத்தைக் கிள்ளிப்போட்டு, புளியைக் கரைத்து ஊற்றினால் குழம்பு. பானையில் கருவாடு, சாடியில் வடுமாங்காய். சோறு வடிப்பதற்குள் கறி ஆகிவிடும்.

பிரெஞ்சுக்காரர்கள் இந்த வடகத்தின் சுவையை விடவில்லை. ‘வடூவான்’ என்ற பெயரில் அது உதிரிக் கலவையாகப் பிரான்சின் மளிகைக் கடைகளுக்கும் சமையற்காரர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே அது வெறும் மணப்பொருள். இங்கே அது மழைக்காலத்துக்கான ஏற்பாடு.

காரைக்கால் முஸ்லிம் வீடுகள் விருந்துக்கு வேறொரு முறை கண்டன. நெய்ச்சோற்றையும் தாளிச்சாவையும் சஹன் என்னும் பெரிய தட்டில் வைத்துச் சிலர் சேர்ந்து உண்பது, எதிர்பாராமல் கூடுதலாக வந்தவருக்கும் எளிதில் இடம் தரும்.

19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். 1853இல் மார்ட்டினிக், 1854இல் குவாதலூப் என்று முதல் கப்பல்கள் கரீபியக் கரையை அடைந்தன. அவர்களிடமிருந்து அத்தீவுகளுக்குக் கிடைத்த ‘கொலம்போ’ பொடியில் கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயத்தோடு வறுத்த அரிசியும் சேர்வதுண்டு. குவாதலூப்பில் மாரியம்மன் வழிபாட்டுக்குப் பின் ஆட்டுக்கறிக் கொலம்போவும் சோறும் வந்தவர்க்கெல்லாம் பரிமாறப்படுகின்றன. மொழியைக் காக்க முடியாமற்போன பேரப்பிள்ளைகள் விருந்தைக் காத்திருக்கிறார்கள்.

1951இல் மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ வந்தபோது, வீட்டுச் சமையல் அளவுகளோடு அச்சேறியது. கற்றுத்தர மூத்தவர் அருகில் இல்லாத இளம் பெண்களுக்கு அது பெரிய துணை. ஆனால் அது மரக்கறி வீட்டின் நூல். வடகம் தாளித்த மீன்குழம்பும் கருவாட்டுக் குழம்பும் அதில் இடம்பெற வழியில்லை. இந்தக் கரையின் பெரும்பாலான வீடுகளுக்குச் சமையலறிவு வாய்மொழியாகவே தொடர்ந்தது.

1954இல் காரைக்கால் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது விடுமுறைக்கு இங்கே விருந்தாளிகளாக வருகிறார்கள். வரும் தேதி மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. காலையில் வாங்கிய மீனை வைத்தே விருந்து செய்யலாம். ஆனாலும் சித்திரையில் வடகம் கூடுதலாகவே உருட்டப்படுகிறது. திரும்பும்போது பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்ப வேண்டும். பாரிசில் அவர்கள் வீட்டுக்கும் ஆள் வருவார்கள்.