கார் உதிரிபாக வியாபாரம்: எவ்வளவு லாபம் வைக்கலாம்?

400 ரூபாய்க்கு வாங்கிய பிரேக் பேடை 600 ரூபாய்க்கு விற்கலாமா? 800 ரூபாய்க்கு விற்றால் அது ஹராமாகிவிடுமா? உதிரிபாகக் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும், வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் குடும்பங்களுக்கும் எழும் கேள்வி இது.

லாபத்துக்கு வரம்பு உண்டா?

உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் ஓர் ஆடு வாங்கி வரும்படி நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனார் கொடுத்தார்கள். அவர் அதில் இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றுவிட்டு, ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டுவந்து கொடுத்தார். நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டிக்கவில்லை. அவருடைய வியாபாரத்தில் பரக்கத் கிடைக்க துஆ செய்தார்கள் (புகாரி 3642). ஆடு வாங்கிய விலையைப்போல் இரு மடங்குக்கு விற்கப்பட்டது. எனவே, இத்தனை சதவீதத்துக்கு மேல் லாபம் கூடாது என்று மார்க்கம் எல்லை வகுக்கவில்லை.

ஆனால் நாட்டின் சட்டத்தில் ஓர் எல்லை உண்டு. பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது இந்தியாவில் குற்றம்.

கடைக்குக் கடை விலை ஏன் மாறுகிறது?

400க்கு வாங்கி 600க்கு விற்றால், வாங்கிய விலையின் மேல் வைத்தது 50 சதவீதம். விற்பனைத் தொகையில் பார்த்தால் லாபம் 33 சதவீதம்தான். கடை வாடகை, ஆள் சம்பளம், விற்காமல் தேங்கும் சரக்கு எல்லாம் அதிலிருந்தே போக வேண்டும். ஆயில் ஃபில்டர் தினமும் விற்கும். குறைந்த லாபம் போதும். பழைய மாடல் காரின் ஹெட்லைட் வருடக்கணக்கில் அலமாரியில் கிடக்கும்; அதில் கூடுதலாக வைப்பது நியாயமே.

சில நேரம் விலை ஏறுவது கடைக்காரரால் அல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் தடுத்து, பல மடங்கு விலை வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. மாற்றுக்கடை இல்லாதபோது வாங்குபவர் கேட்ட விலையைக் கொடுத்தே ஆக வேண்டியிருக்கிறது.

ஹராம் எங்கே நுழைகிறது?

1. போலியை அசல் என்று விற்பது. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்றவரைக் கண்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (முஸ்லிம்). போலி பிரேக் பேடில் பணம் மட்டும் போவதில்லை, உயிரும் போகலாம். வேறு கம்பெனித் தயாரிப்பை அப்படியே சொல்லி விற்பதில் தவறில்லை.

2. "வாங்குன விலைக்கே தர்றேன் பாய்" என்ற பொய். கொள்முதல் விலையைச் சொல்லி லாபம் சேர்த்து விற்பது முராபஹா. அதே விலைக்குக் கொடுப்பது தவ்லியா. இரண்டிலும் சொல்லும் விலை உண்மையாக இருக்க வேண்டும். கொள்முதல் விலையைச் சொல்லாமல் விற்கலாம். பொய்யாகச் சொல்லக் கூடாது.

3. மெக்கானிக்கின் மறைமுகக் கமிஷன். வண்டிக்காரர் சார்பில் பொருள் வாங்கும் மெக்கானிக், அவருடைய வகீல். 600 ரூபாய்ப் பொருளுக்கு 800 என்று பில் போட்டு, 200 ரூபாயை மெக்கானிக்கிடம் கொடுப்பது அமானிதத்தில் மோசடி. அந்தப் பில்லைப் போட்ட கடைக்காரரும் அதில் பங்காளி. கூலியை வெளிப்படையாகக் கேட்டு வாங்குவது ஹலால்.

4. விலை தெரியாதவரிடம் அளவுமீறி வாங்குவது. இதை ஃபிக்ஹில் "கப்ன்" என்பார்கள். இது கொள்முதல் விலையை வைத்து அல்ல, சந்தை விலையை வைத்தே அளக்கப்படும். மாலிக்கி அறிஞர்கள் சிலர் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசத்தை எல்லையாகச் சொன்னார்கள்.

வாங்குபவர் செய்ய வேண்டியது

பாகத்தின் எண்ணைக் கேட்டு இரண்டு கடைகளில் விலை விசாரியுங்கள். அச்சிட்ட விலை உச்சவரம்புதான். அதற்குக் கீழே பேரம் பேச இடமுண்டு. பில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் புதியதன் பெட்டியையும் கேட்டு வாங்குங்கள்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் பரக்கத் உண்டு. மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிந்துவிடும் என்பது நபிமொழியின் கருத்து (புகாரி 2079). கல்லாவில் சேரும் லாபம் ஹலாலா என்பதை அதன் அளவு தீர்மானிப்பதில்லை. அது வந்த வழிதான் தீர்மானிக்கிறது. நம் சம்பாத்தியத்தை அல்லாஹ் ஹலாலாக்கி பரக்கத் செய்வானாக. ஆமீன்.