முன்சீப் வீட்டு ஜனன மரணக் கணக்கு

மலைக்கோட்டைக்குக் கீழே விரிந்து கிடக்கும் திண்டுக்கல் சமவெளியில், நிலக்கோட்டை முதல் வேடசந்தூர் வரை ஊர் ஊராக, யார் எப்போது பிறந்தார், யார் எப்போது கண்ணை மூடினார் என்று தலைமுறை தலைமுறையாக எழுதிவந்த ஜனன மரணக் கணக்கு, தன்னை எழுதிய கிராம முன்சீப் பதவியோடு சேர்ந்து 1980 நவம்பரில் மறைந்தது. பதவி இழந்தவர்களைப் பற்றி அன்று ஊரெல்லாம் பேச்சு இருந்தது. உச்ச நீதிமன்றம் வரை வழக்கும் நடந்தது. நோட்டைப் பற்றி மட்டும் யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. வீட்டுப் பெரியவர் போய்ப் பல காலம் கழித்து, அவர் இருந்தால் இதைக் கேட்டிருக்கலாமே என்று ஒவ்வொருவரும் தனித்தனியே நினைத்துக்கொள்வது போல, இப்போதுதான் அதன் இல்லாமை நமக்கு உறைக்கிறது. ஊரறிந்த ஒருவரின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்து, அவர் பிறந்தது எந்த நாள் என்ற முதல் வரியிலேயே பேனா நின்றுபோன எவருக்கும் இந்தத் துக்கம் புதிதல்ல.

1792இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல் சீமை கம்பெனியின் கைக்கு வந்தபோது, கணக்கு என்றால் அது நிலத்தின் கணக்குதான். எந்த வயல், என்ன வரி என்று எழுதினார்களே தவிர, எந்த வீட்டில் பிள்ளை பிறந்தது என்று எழுதும் ஏற்பாடு அன்று இல்லை. அதனால்தான், கம்பெனிக்கு எதிராகப் பாளையக்காரர்களைத் திரட்டிய விருப்பாச்சி கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார் என்று சொல்ல முடிகிற நம்மால், அவர் பிறந்த நாளை அதே உறுதியோடு சொல்ல முடியவில்லை. பிறகு காலராவும் அம்மையும் வந்து வந்து போன காலத்தில், 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் ஊர்களைக் காலிசெய்த காலத்தில், செத்தவர்களை எண்ண வேண்டும் என்ற கவலை அரசாங்கத்துக்கு வந்தது. 1866இல் நகராட்சி ஆகிவிட்ட திண்டுக்கல் பட்டணம் தன் கணக்கைத் தானே வைத்துக்கொண்டது. கிராமங்களில் அந்தப் பொறுப்பு, வரி வசூலித்து, சில்லறை வழக்குத் தீர்த்து, ஊர் அமைதிக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்த முன்சீப்பின் தலையில் ஏறியது. 1899இல் சென்னை மாகாணத்துக்கென்று பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தபோது கணக்குக்குச் சட்டத்தின் பலமும் கிடைத்தது.

பார்வைக்கு அது கட்டம் போட்ட ஒரு நோட்டு, அவ்வளவுதான். பிறப்புக்கு ஒன்று, இறப்புக்கு ஒன்று. பிள்ளை பிறந்தால் வீட்டார் வந்து சொல்வார்கள், அல்லது தலையாரி சொல்வார். சாவு விழுந்தால் வெட்டியான் வழியாகச் சேதி வந்துவிடும். முன்சீப் வீட்டுத் திண்ணையிலோ கிராமச் சாவடியிலோ அது எழுத்தில் ஏறும். நடந்த தேதி ஒரு கட்டத்தில், எழுதிய தேதி இன்னொரு கட்டத்தில். ஆணா பெண்ணா, தகப்பன் பெயர், சாதி, தொழில், குடியிருப்பு. பெயருக்கும் ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் அது வெறுமையாகவே நிற்கும், ஏனென்றால் கணக்கில் ஏறும் நாளில் பிள்ளைக்கு இன்னும் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். இறப்பு நோட்டில் காரணம் என்ற கட்டத்தில் காலரா, அம்மை, காய்ச்சல், பேதி என்று சில சொற்களுக்குள் ஊரின் சாவெல்லாம் அடங்கிவிடும். மாதம் முடிந்தால் நகல் தாலுகா ஆபீசுக்குப் போகும். நோட்டுக்கு ஊரில் தெரிந்த வேலை இவ்வளவே.

அந்தப் பெயரில்லாத கட்டத்தில்தான் அதன் பெருமை முழுவதும் இருந்தது. நாளை இவர் மந்திரியாவார், நாவல் எழுதுவார், சிறைக்குப் போவார், சிலையாவார் என்று தெரியாத நாளில் எழுதப்பட்ட ஒரே சாட்சி அது. நினைவு மலரும் பாராட்டு உரையும் கல்வெட்டும் எல்லாம் புகழ் வந்த பிறகு எழுதப்பட்டவை. புகழின் வெளிச்சத்தில் ஊர் மாறும், வறுமை கூடும் அல்லது குறையும், பிறந்த நாள்கூட நல்ல நாள் ஒன்றுக்கு நகர்ந்துகொள்ளும். முன்சீப்பின் நோட்டுக்கு யாரையும் உயர்த்த வேண்டிய தேவை இல்லை. பக்கத்து வரியில் இருந்த கூலிக்காரரின் பிள்ளைக்கும் பிற்காலத்துப் பெரிய மனிதருக்கும் ஒரே மை, ஒரே அளவுக் கட்டம்.

இப்படி ஒரு சாட்சி எவ்வளவு வேண்டியது என்று வத்தலக்குண்டைப் பார்த்தால் விளங்கும். தமிழின் முதல் நாவல்களில் ஒன்றான கமலாம்பாள் சரித்திரத்தை 1893 முதல் விவேக சிந்தாமணியில் தொடராக எழுதி, 1896இல் பிரபுத்த பாரதத்தின் ஆசிரியராகி, இருபத்தாறே வயதில் 1898இல் மறைந்த பி. ஆர். ராஜம் ஐயர் அந்த ஊர், சுப்பிரமணிய சிவா அந்த ஊர், மணிக்கொடி பி. எஸ். ராமையா அந்த ஊர். 1959இல் எழுத்து பத்திரிகையைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா, பெயருக்கு முன்னால் சின்னமனூரைச் சுமந்துகொண்டு வளர்ந்ததும் அந்த ஊரில்தான். சிவாவின் தகப்பனார் பெயரும் ராஜம் ஐயர். ஊரும் ஒன்று, பெயரும் ஒன்று என்பதை மட்டும் பார்த்தால் நாவலாசிரியரின் மகன் சிவா என்று எழுதிவிடத் தோன்றும். நாவலாசிரியர் பிறந்தது 1872, சிவா பிறந்தது 1884 அக்டோபர் 4 என்ற இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்தால் போதும். பன்னிரண்டு வயதுப் பையன் தகப்பன் ஆக முடியாது. ஒரு தேதி சரியாக இருந்தால் ஒரு குடும்பமே தன் இடத்தில் நிற்கும்.

சிவாவின் காலத்து ஊர் நினைவு தமிழ் வருடத்தில் ஓடியது. 1884 என்பது தாரண வருடம்; அறுபது ஆண்டுச் சுற்றில் 1944உம் தாரணம்தான், 2004உம் தாரணம்தான். ஜாதகத்தில் தாரண, புரட்டாசி என்று மட்டும் இருந்தால் தாத்தாவும் பேரனும் ஒரே மாதத்தில் பிறந்தவர்களாகிவிடலாம். ராமையாவின் தேதியில் இன்னும் நுட்பமான இடறல் இருக்கிறது. அவர் பிறந்தது 1905 மார்ச் 24. சித்திரை பிறக்காத பங்குனி அது. ஆகவே தமிழ்க் கணக்கில் குரோதி வருடம். குரோதி என்றால் 1904 என்று அவசரமாகத் திருப்பி எழுதுகிறவர் அவருக்கு ஒரு வயதைக் கூட்டிவிடுவார். தையிலும் மாசியிலும் பங்குனியிலும் பிறந்த எத்தனையோ பேருடைய வரலாற்றில் ஓராண்டு முன்பின்னாக நிற்பதற்கு இதுவே காரணம். எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை பல நூற்றாண்டுகளின் திதியையும் நட்சத்திரத்தையும் ஆங்கிலத் தேதியோடு பொருத்திப் பெரும் அட்டவணைகள் தந்தது அந்தப் பாலத்தைக் கட்டத்தான். ஜாதகத்தை ஒரு கையிலும் முன்சீப் கணக்கை மறுகையிலும் வைத்து, வருடமும் மாதமும் கிழமையும் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தவர்களுக்கு, எந்தப் புத்தகமும் தராத நிம்மதி ஒன்று கிடைத்தது.

பள்ளிக்கூடத் தேதியின் கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். கையைத் தலைக்கு மேல் சுற்றி மறுகாதைத் தொட்டால் ஐந்து வயது; தொட்டுவிட்டால் தலைமையாசிரியர், பள்ளி திறக்கும் மாதத்துக்குத் தோதாக ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். அந்தத் தேதியே சான்றிதழில் ஏறி, உத்தியோகத்தில் ஏறி, ஓய்வுபெறும் நாளைத் தீர்மானித்து, கடைசியில் வாழ்க்கைக் குறிப்பிலும் வந்து உட்காரும். அதில் பொய் சொல்லும் எண்ணம் யாருக்கும் இல்லை. பிள்ளை படிக்க வேண்டும் என்ற ஆசை மட்டுமே இருந்தது. ஆனாலும் உண்மை எது என்று ஒருவர் தேடி வந்தால், அவரை அழைத்துப்போய் நிறுத்த ஒரு வாசல் ஊரில் இருந்தது.

அதன் குறைகளையும் மறைக்காமல் சொல்வதே அதற்குச் செய்யும் மரியாதை. முன்சீப் பதவி வெகுகாலம் பரம்பரைச் சொத்தாகவே போய்க்கொண்டிருந்தது. எழுதும் கை எப்போதும் ஊரின் மேல்கட்டிலிருந்தே வந்தது. சேரியில் பிறந்த பிள்ளையும், தோட்டத்துக் குடிசையில் பிறந்த பிள்ளையும், பிறந்த சில நாளிலேயே போய்விட்ட பெண்குழந்தையும் கணக்கில் ஏறாமல் போனது உண்டு. ஆகவே அதில் இல்லாதவர்கள் பிறக்காதவர்கள் அல்லர். அதில் இருந்தவர்கள் விஷயத்தில் மட்டுமே அது உறுதியாகப் பேசியது. இந்த அநீதியோடு சேர்த்தே அதை நினைக்கிறோம்.

அதன் தளர்ச்சி நல்ல காரியம் ஒன்றில்தான் தொடங்கியது. 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்க, அங்கே கஸ்தூரிபா மருத்துவமனை வளர்ந்து, சுற்றுப்பட்டுப் பெண்கள் இருட்டறையில் உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற காலம் மெல்ல மாறியது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்பதற்கு முன்னால் எந்த நோட்டின் நட்டமும் நட்டமல்ல. ஆயினும் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் கணக்கில் ஏறியது. தாய் வீட்டு ஊரின் நோட்டு அந்தப் பிள்ளையை அறியாமலே இருந்தது. 1969இல் நாடு முழுவதற்கும் ஒரே பதிவுச் சட்டம் வந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தால் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. பரம்பரை ஆட்சி போனதில் வருந்த ஒன்றுமில்லை. புதிதாக வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் தேர்வெழுதி வந்தவர்கள். மாறுதல் வந்தால் அடுத்த ஊருக்குப் போகிறவர்கள். எழுதுகிறவருக்கு ஊரிலுள்ள ஒவ்வொரு கருப்பத்தையும் தெரிந்திருந்த அந்தப் பழைய நெருக்கம் பதவியோடு போயிற்று.

அது போன பிறகு நடப்பதை நாம் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒருவர் எங்கோ எழுதிய தேதி மலரில் ஏறுகிறது. மலரிலிருந்து மேடைக்குப் போகிறது. மேடையில் கேட்டது கல்லில் வெட்டப்படுகிறது. கல்லைப் பார்த்துப் பாடப்புத்தகம் எழுதப்படுகிறது. பத்து இடத்தில் ஒரே தேதியைக் கண்டதும் பத்துச் சாட்சி இருப்பதாக மனம் அமைதியடைந்துவிடுகிறது. உள்ளே ஒரே வாய்தான் பேசியிருக்கிறது. 1985 செப்டம்பர் 15 அன்றுதான் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது. அதற்கு நூறாண்டு முன் பிறந்தவரைத் திண்டுக்கல் மாவட்டத்தில் பிறந்தவர் என்று எழுதிவிட்டு, அவரைப் பற்றிய தாள்களையும் திண்டுக்கல்லிலேயே தேடி, கிடைக்கவில்லை என்று திரும்புகிறவர்கள் உண்டு. மதுரை ஜில்லா, நிலக்கோட்டை தாலுகா என்று பழைய முகவரியைச் சொல்லி வழிகாட்ட அந்தப் பெரியவர் இல்லை.

சிவாவின் வாழ்க்கையை இப்போது நினைத்துக்கொள்கிறோம். வத்தலக்குண்டில் பிறந்து, 1908இல் வ.உ.சி.யோடு தண்டனை பெற்று, சிறையில் தொழுநோயை வாங்கிக்கொண்டு, அந்த நோயைக் காட்டி ரயிலில் ஏறவும் தடுக்கப்பட்டு, ஊர் ஊராக நடந்து, 1925 ஜூலை 23 அன்று தர்மபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டியில் உயிர்விட்டவர் அவர். அப்படிப்பட்ட வாழ்வின் தொடக்கம் ஓர் ஊரின் நினைவில், முடிவு இன்னோர் ஊரின் நினைவில், நடுப்பகுதி சிறைக் காகிதங்களில். அவரைப் புகழ்வதற்காக எழுதப்படாத தாள்களே அவர் பட்டதை நமக்கு உறுதிசெய்கின்றன. வாழ்நாளெல்லாம் உண்மைக்காக அடிபட்டவரைப் பற்றி எழுதும்போது தேதியிலும் ஊரிலும் உண்மையாக இருப்பது, அவருக்கு நாம் போடும் மாலையைவிடப் பெரியது.

மறைந்த கணக்குக்கு வாரிசுகள் இருக்கிறார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழ் ஒன்றே தேதிக்கு ஆதாரம் என்று சட்டம் திருந்தியிருக்கிறது. கணினியில் பதிவு நடக்கிறது. காதைத் தொடும் பிள்ளையின் காலம் முடிந்துவிட்டது. அந்த வாரிசுகள் நன்றாக இருக்கட்டும். பழைய நோட்டுகளோ சார்பதிவாளர் அலுவலகங்களிலும் ஆவண அறைகளிலும், ஓரம் பொடிந்து, மை வெளிறி, இன்னும் சில இருக்கின்றன. அவை கடைசியாக எழுதிய பிள்ளைகள், 1980இன் ஐப்பசியில் பிறந்தவர்கள், நாற்பதைக் கடந்து இன்று நம்மிடையே இருக்கிறார்கள். பள்ளியில் பாடம் நடத்துகிறார்கள், பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறார்கள், சட்டமன்றத்துக்கும் போகலாம். அவர்களில் யாருடைய வாழ்க்கையை எழுத வேண்டிவரும் என்று அந்த நோட்டுக்குத் தெரியாது. தெரியாமல் எழுதியதாலேயே அதன் சொல்லுக்கு மதிப்பு. அவர்களைப் பற்றி எழுதப்போகிறவர் அந்தப் பக்கத்தைத் தேடிப்போகும் வரை அது தாளாக நிற்க வேண்டும் என்பதே, அதற்காகத் துக்கம் காக்கும் நம் எல்லாருடைய வேண்டுதல்.