அலகு: ஒரு நாள் கம்பியும் ஒரு வருஷக் கம்பியும்

கொய்யாப்பழத்துக்குப் பேர் போன ஆயக்குடிக்காரன் இன்னைக்கு ஊசி, கொக்கி, கம்பி பத்தி எழுதப் போறேன். பயப்படாம படிங்க :)

எங்க ஊர் பழனிக்குக் கிழக்கே, கிட்டத்துல இருக்கு. தைப்பூசத்துக்கு ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து நடந்து வர்ற பாதயாத்திரைக் கூட்டம் எங்களைத் தாண்டித்தான் மலைக்குப் போகும். அதனால பால்காவடி, மயில்காவடி, கன்னத்துல வேல், முதுகுல கொக்கி எல்லாம் எங்களுக்குச் சின்ன வயசிலேயே பழக்கம். இதுல முதுகுக் கொக்கிக்குத் தூரத்துச் சொந்தக்காரர் ஒருத்தர் இருக்கார். இப்போ நகரத்துக் கடைகள்ல 'சர்ஃபேஸ் பியர்சிங்'னு பலகை மாட்டி உட்கார்ந்திருக்கார். அந்த உறவுமுறையைத்தான் இந்தப் பதிவுல பார்க்கப் போறோம்.

முதல்ல வித்தியாசத்தைச் சொல்லிடறேன். காது குத்தினா ஊசி ஒரு பக்கம் போய் மறுபக்கம் வரும். கன்னத்து வேலும் அப்படித்தான். ஆனா முதுகுல மாட்டுற கொக்கியும், நெஞ்சுல குத்துற சின்ன வேலும் தோலுக்கு அடியில கொஞ்ச தூரம் போய், அதே பக்கத்துலயே வெளிய வரும். அதாவது மேல்தோலை மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்கும். சர்ஃபேஸ் பியர்சிங்னு சொல்றதும் இதைத்தான். பின்கழுத்து, இடுப்பு, நெஞ்சு மாதிரி சமதளமான இடத்துல போடறாங்க.

இப்போ வரலாறு. பழனின்னா இடும்பன் கதை இல்லாம முடியாது. சிவகிரி, சக்திகிரி ரெண்டையும் தண்டுல கட்டித் தோள்ல தூக்கிட்டு வந்த இடும்பன்தான் காவடிக்கு முன்னோடி. அவர் தூக்கினது சுமை, அவ்வளவுதான். கதையில அலகு கிடையாது. உடம்பைக் குத்திக்கிற நேர்த்திக்கடன் கிராமத்து அம்மன் கோயில்கள்லயும் உண்டு. அதுல பெரிய ஆட்டம் செடல். முதுகுத் தோல்ல கொக்கி மாட்டி, உயரமான கம்பத்துல தொங்கவிட்டுச் சுத்துறது. 16ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்க வந்த போர்த்துகீசியர் துவார்த்தே பார்போசா, ஒரு பெண் இப்படி வேண்டுதலை நிறைவேற்றியதை எழுதி வெச்சிருக்கார். ஆக, குறைந்தது 500 வருஷ சமாச்சாரம்.

வெள்ளைக்காரன் ஆட்சியில இது பெரிய பஞ்சாயத்தாச்சு. மிஷனரிகளும் படிச்ச சீர்திருத்தவாதிகளும் நிறுத்தச் சொன்னாங்க. 1857 கலகத்துக்கு அப்புறம் மதத்துல கை வைக்க மாட்டோம்னு 1858ல் விக்டோரியா ராணி பேர்ல அறிவிச்ச அரசாங்கம் தயங்குச்சு. வங்காளத்தில் 1865லேயே தடை வந்துடுச்சு. நம்ம பக்கம் மதுரை ஜில்லா சோழவந்தான்ல 1890களின் தொடக்கத்தில் நடந்த செடல் பெரிய விவாதத்தைக் கிளப்புச்சு. (பழனியும் திண்டுக்கல்லும் அப்போ மதுரை ஜில்லாதான். தனி மாவட்டம் ஆனது 1985ல்.) கடைசியில் 1894ல் சென்னை அரசாங்கமும் தடுக்கிற பக்கம் சாய்ஞ்சுது.

அந்த விவாதத்துல எனக்கு முக்கியமாப் பட்ட கேள்வி ஒண்ணு உண்டு. தொங்குறவர் தன் வேண்டுதலுக்காகத் தொங்குறாரா, ஊருக்கு மழை பெய்யணும்னு யாரோ காசு கொடுத்து ஓர் ஏழையைத் தொங்க விடறாங்களா? ரெண்டும் நடந்திருக்கு. வலி ஒண்ணுதான், ஆனா யாரோட விருப்பம்ங்கறதுல எல்லாம் மாறிடுது. செடல் பல ஊர்ல அடங்கி, சில இடத்துல ஆளுக்குப் பதில் பொம்மை தொங்குச்சு. முழுசா ஒழியலை. இன்னைக்குக் கிரேன்ல தொங்கி வர்ற பறவைக் காவடி அதோட பேரன்தான்.

இதுக்கு நடுவுல தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறின நம்ம சனம் காவடியையும் கூடவே கொண்டு போச்சு. மொரீஷியஸ், 1860க்குப் பிறகு தென்னாப்பிரிக்காவின் நேட்டால், மலாயா, சிங்கப்பூர். பத்துமலையில் 1892லிருந்து தைப்பூசம் நடக்குதுன்னு சொல்றாங்க. அங்கெல்லாம் அலகுக் காவடி ஊரை விடப் பெருசா வளர்ந்துச்சு. உடம்பைச் சுத்திக் கம்பி வளையம், அதுலேருந்து டஜன் கணக்குல வேல்.

அந்தப் படங்கள் வெளிநாட்டுப் பத்திரிகைகள்ல வந்துச்சு. நேஷனல் ஜியாகரபிக் மாதிரி இதழ்களைப் பார்த்து வளர்ந்த அமெரிக்கர் ஒருத்தர் ஃபக்கீர் முசாஃபர்னு பேர் வெச்சுக்கிட்டார் (1930–2018). வேல் காவடியைத் தானே எடுத்துப் பார்த்தார். 1985ல் அவரை வெச்சு ஆவணப்படம் வந்துச்சு, 1989ல் 'மாடர்ன் பிரிமிடிவ்ஸ்' புத்தகம் வந்துச்சு. கலிபோர்னியாவில் ஏற்கனவே சூடு பிடிச்சிருந்த துளை போடற தொழிலுக்கு இது எண்ணெய் ஊத்துச்சு. எல்லாமே நம்ம கிட்டருந்துதான் போச்சுன்னு மார்தட்ட வரலை. வட அமெரிக்கப் பழங்குடிகளின் சூரிய நடனத்துலயும் நெஞ்சுத் தோலைக் குத்துவாங்க, அதுவும் அவருக்கு ஊற்றுதான்.

ஆனா போற வழியில ஒரு விஷயம் கழண்டு விழுந்துடுச்சு. நான் சொல்ல வந்ததே அதுதான்.

அலகுல கம்பி தங்குறது சில மணி நேரம். வாரக்கணக்குல விரதம், பக்கத்துல அனுபவசாலி, சன்னதி வந்ததும் கம்பியை உருவிடறாங்க. அதனால சின்னத் துளை சீக்கிரமே மூடிக்குது. சர்ஃபேஸ் பியர்சிங்ல கம்பி மாசக்கணக்குல, வருஷக்கணக்குல உள்ளயே இருக்கணும். உடம்பு சும்மா இருக்குமா? கால்ல குத்தின முள்ளை வெளிய தள்ளப் பார்க்கிற மாதிரி இதையும் தள்ளும். மற்ற துளைகளை விட இதுல இது ரொம்ப அதிகம். பக்தி, ஃபேஷன் பேதமெல்லாம் தோலுக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் உள்ள இருக்குங்கறதுதான் அதுக்குக் கணக்கு.

கோயமுத்தூர்ல படிக்கிற எங்க அண்ணன் மக போன்ல, "சித்தப்பா, பின்கழுத்துல ஒண்ணு போட்டுக்கட்டுமா?"ன்னு கேட்டா. வேணாம்னு சொல்லலை. அவ உடம்பு, அவ விருப்பம். இதை மட்டும் சொன்னேன்:

1. புது ஊசி, உன் கண் முன்னாடி பிரிக்கணும். துப்பாக்கி மாதிரி கருவியில சுடறவன்கிட்ட போகாதே.

2. நேர் கம்பி கூடாது. ரெண்டு முனையும் மேல மடங்கின, உடம்புக்குள்ள வைக்கிற தரத்து டைட்டானியம் கம்பி வேணும்.

3. கழுவின கையால மட்டும் தொடு. 0.9 சதவீத ஸ்டெரைல் சலைன் போதும். மஞ்சள், எண்ணெய், திருநீறு, ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். கம்பியைத் திருகாதே. ஆறுற வரைக்கும் குளம், நீச்சல்குளம் வேண்டாம்.

4. ரெண்டு துளைக்கும் நடுவுல தோல் மெலிஞ்சு சிவந்து, கம்பி மேல வர்ற மாதிரி தெரிஞ்சா உடனே போய் எடுத்துடு. பிடிவாதமா வெச்சிருந்தா தழும்புதான் மிஞ்சும். சீழோ காய்ச்சலோ இருந்தா நேரா டாக்டர்.

5. நம்ம மாதிரி கறுத்த தோலுக்குக் கெலாய்டு தழும்பு வர வாய்ப்பு அதிகம். வீட்டுல யாருக்காவது அப்படி இருந்தா யோசி.

6. துளை போட்டுக்கிட்டா இந்தியாவில் 12 மாசம் ரத்த தானம் பண்ண முடியாது.

அதே கண்டிப்பு எங்க ஊர் அலகுக்கும் வேணும். ஒருத்தருக்குக் குத்தின வேலைத் துடைச்சு அடுத்தவருக்குக் குத்தினா ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் கூடவே வரலாம். நெருப்புல காட்டறதும் எலுமிச்சை தேய்க்கறதும் கிருமி நீக்கம் ஆகாது. ஆட்டோகிளேவ்ல 121 டிகிரியில 15 நிமிஷம் வெக்கணும், ஒருத்தருக்கு ஒரு கம்பிதான். முருகன் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டார்.

2019ல் வெளிவந்த ஓர் ஆய்வு, மொரீஷியஸ் தைப்பூசத்துல அலகு குத்திக்கிட்டவங்களை முன்னும் பின்னும் கவனிச்சுது. உடல்நலம் கெட்டதாத் தெரியலை, மனநிலை மேம்பட்டிருந்துச்சாம். நம்ம ஆளுங்களுக்கு இது செய்தியே இல்லை. ஆனா அவங்க அன்னைக்கே கம்பியை எடுத்தவங்க. எப்போ குத்தணும்ங்கறதோட, எப்போ எடுக்கணும்னும் நம்ம பாட்டன்மார் முடிவு பண்ணி வெச்சிருந்தாங்க. கடை வழியா நமக்குத் திரும்பி வந்தப்போ அந்த ரெண்டாவது பாதியைக் காணோம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. கொய்யா பத்திக் கேட்டா மட்டும் நிபுணர் மாதிரி பேசுவேன் :)