ஊரார் விடாத பிரம்மா: தஞ்சைக் கலைக்கூடம் உருவான வரலாறு

சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. தஞ்சாவூர்க் கலைக்கூடம் 1951இல். இடையில் கழிந்த நூறு ஆண்டுகளில் காவிரிப் படுகை தன் மண்ணிலிருந்து எடுத்தவற்றைப் பெரும்பாலும் வெளியூருக்கே அனுப்பிவைத்தது. நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைக்கத் தொடங்கிய நூற்றுக்கணக்கான பௌத்தப் படிமங்கள் அதற்குத் தக்க சான்று. அவற்றுள் பல இன்று எழும்பூரில் இருக்கின்றன; நாகையில் நின்று அவற்றைப் பார்க்க வழியில்லை. இந்தப் போக்கு தஞ்சையில் எப்போது, யாரால் மாறியது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

தன் வரலாற்றைப் பொதுமக்கள் கண்ணில் படும்படி வைக்கும் பழக்கம் தஞ்சைக்குப் புதிதன்று. மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி 1803இல் போன்சலே மரபின் வரலாற்றை மராத்தியில் பெரிய கோயில் சுவரில் வெட்டிவைத்தார். அவர் பெருக்கிய சரசுவதி மகால் 1918இல் பொது நூலகமானது. ஆனால் இவ்விரண்டும் அரண்மனை ஊருக்குக் கொடுத்தவை. ஊர் கேட்டு வாங்கியது எது என்று பார்த்தால் 1951க்கு வரவேண்டும்.

அவ்வாண்டு கல்கத்தாவிலிருந்து வந்த அறிஞர் ஒருவர் கருந்தட்டாங்குடியில் ஒரு பிரம்மா சிலையைக் கண்டார். தம் ஊர் அருங்காட்சியகத்துக்கு அதை எடுத்துச்செல்ல அனுமதி கேட்டார். ஊரார் மறுத்தார்கள். கரந்தை என்று நாம் சுருக்கி அழைக்கும் அந்தப் பகுதி, 1911 முதலே தமிழ்ச் சங்கம் வைத்து நடத்திவந்த இடம் என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது. அன்றைய கலெக்டர் டி.கே. பாலட் சிலையைக் கல்கத்தாவுக்குக் கொடுக்கவில்லை. தஞ்சை அரண்மனைக்குக் கொண்டுவரச் செய்தார். ஒன்று வந்ததும், வழிபாடின்றிக் கிடந்த மற்றச் சிலைகளையும் சேர்த்தாலென்ன என்ற எண்ணம் பிறந்தது. அறிஞர் குழுவோ அரசாணையோ போட்ட திட்டமன்று இது. ‘எங்கள் சாமியைத் தரமாட்டோம்’ என்ற மறுப்பிலிருந்து பிறந்த கூடம்.

கலெக்டர் இதில் நடுநாயகமாக நின்றது தற்செயலன்று. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். திருமேனி வெளிப்பட்டால் செய்தி முதலில் போய்ச் சேரும் இடமும், அதை வைக்க ஒரு கூடமும் இப்போது ஒரே ஊரில் அமைந்துவிட்டன.

இதன் பயனை, அன்று தஞ்சை மாவட்டத்திலிருந்த திருவெண்காட்டில் காணலாம். 1950களில் அங்கே கிடைத்த படிமங்களில் அர்த்தநாரி எழும்பூருக்குப் போனார். காளையை ஊர்தியாகக் கொண்ட சிவனான ரிஷபவாகனர் தஞ்சைக்கு வந்தார். 1011இல், முதலாம் ராஜராஜன் காலத்தில், செய்தளிக்கப்பட்ட திருமேனி இது. அடுத்த ஆண்டு தேவியும் அளிக்கப்பட்டாள். கல்வெட்டு சொல்லும் செய்தி இது. சடையைப் பாம்போடு தலைப்பாகைபோல் சுற்றிக்கட்டி, கால் மாற்றி நிற்கிறார். வலக்கை மடங்கி, எதன்மீதோ சாய்ந்திருக்கிறது. எதன்மீது? காளை இல்லை. முழங்கைக்குக் கீழே வெற்றிடம்தான். ஆனாலும் சாய்வு சாய்வாகவே இருக்கிறது. காளையின் உயரத்தைக்கூடக் கை சொல்லிவிடுகிறது. சோழச் செப்புப் படிமங்களில் இதற்கு இணையாக நான் வைக்கக்கூடியவை மிகச் சில.

கூடத்துக்குத் தாராசுரத்திலிருந்து பிச்சாடனரும் அவரைக் கண்டு மயங்கும் முனிவர் மனைவியரும் வந்து சேர்ந்தார்கள். சிவன் யானையை உரித்த கோலமும் அங்கிருந்தே வந்தது. அரண்மனையின் நாயக்கர் தர்பார் மண்டபத்தில் சரபோஜியின் பளிங்குச் சிலை இவர்களுக்கு முன்பிருந்தே நிற்கிறது. தரங்கம்பாடியில் 1955இல் கரை ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் அரண்மனை வளாகத்தில் இடம்பிடித்தது. குழந்தைகளோடு வருகிறவர்கள் சோழர்களைவிட அதன்முன்தான் அதிக நேரம் நிற்கிறார்கள் என்றால் யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை.

பின்வந்த காலத்தில் ஊரின் வரலாற்று ஆர்வம் கூடத்தைவிட்டு விழாக்களுக்கு நகர்ந்தது. 1995இல் எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி ராஜராஜன் மணிமண்டபம் எழுந்தது. 2010இல் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு விழாவில் ஆயிரம் பேர் ஆடினார்கள். ஆண்டுதோறும் ராஜராஜன் பிறந்தநாளான ஐப்பசிச் சதயம் வருகிறது. 2018இல் குஜராத்திலிருந்து மீட்கப்பட்ட ராஜராஜன், அவன் அரசி லோகமாதேவி படிமங்களுக்கு ஊர் திரண்டு வரவேற்பு கொடுத்தது. அவை போய்ச் சேர்ந்த இடம் கோயில். சாமி என்பதும் காட்சிப்பொருள் என்பதும் இங்கே இன்னும் முழுதாகப் பிரியவில்லை. பிரியவேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒரு குறை உண்டு. விழா மன்னனைப் பேசுகிறது, கூடம் கலையைப் பேசுகிறது. மண் தோண்டும்போது கடப்பாரையில் உலோகம் தட்டியதும் வேலையை நிறுத்தி ஆள் அனுப்பியவரைப் பற்றி இரண்டும் பேசுவதில்லை. திருவெண்காடு இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் ரிஷபவாகனர் அடுத்த மாவட்டச் சாமி. 2026இல் கலைக்கூடத்துக்கு எழுபத்தைந்து வயது. அதையொட்டி, சட்டப்படி கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதப்பட்ட பழைய புதையல் அறிக்கைகளைத் தேடியெடுத்து, ஒவ்வொரு படிமத்தின் அருகிலும் அது கிடைத்த ஊரின் கதையாக வைக்கவேண்டும். அந்தக் காட்சியின் திறப்பு நாளுக்கு முதல் அழைப்பு கரந்தைக்குப் போகட்டும்.